மருந்துச் சீட்டின் பின்பக்கம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும் நண்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு நான்கு நாள். நேற்று தானே எழுந்து ஜன்னல் வரை நடந்தாள். ஆஸ்பத்திரியில் கழிந்த பதினோரு நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; என்னைவிட நீங்கள்தான் தெளிவாக இருந்தீர்கள்.

இரத்தம் கொடுத்த பிள்ளைகள், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் ஐக்கியத்தார், எங்கள் கோழிகளுக்குத் தீனி போட்ட எதிர்வீட்டு அம்மா, நள்ளிரவில் ஆட்டோ ஓட்டியவர் எல்லோருக்கும் கைகூப்புகிறேன். ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார்.

நம் சனிக்கிழமை வேதபாடத்துக்கு வந்துகொண்டிருந்த இறையியல் கல்லூரி மாணவர் அவர். லெந்து என்னும் தவக்கால நாட்களில் உபாகமம் 6:4 படித்தோமே, ‘இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்’ என்று. அதில் ‘ஒருவர்’ என்பதற்குரிய ‘எகாத்’ என்ற எபிரெயச் சொல்லே திரித்துவத்துக்கு, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதற்குச் சான்று, கணவனும் மனைவியும் ‘ஒரே மாம்சம்’ ஆவார்கள் என்ற இடத்திலும் அதே சொல்தான் என்று நான் முழங்கினேன். தம்பி எழுந்தார். எசேக்கியேல் 33:24இல் ஆபிரகாம் ஒருவனாயிருந்தான் என்பதற்கும் அதே சொல்தான் ஐயா, அது வெறும் ‘ஒன்று’, அதன் தலையில் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்றார். அத்தனை பேர் முன்னால் அவரை அதட்டி உட்கார வைத்தேன். அதன்பின் அவர் வகுப்புக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், சுக்குக் காப்பியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர்தான். ஜெபிக்கவில்லை. எல்லாம் நன்மைக்கே என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாகியிருந்தது. “ஐயா, ஒருவரே கர்த்தர் என்கிறோமே, ஒன்றுக்கு எதற்கு ‘அர்’ விகுதி?” என்று கேட்டார்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் முப்பது வருடம் தமிழ் நடத்திய வாய் சும்மா இருக்குமா? ‘ஒருவர்’ என்பது இருபாலுக்கும் பொதுவாய் நின்று பன்மை வினை கொள்ளும் என்று நன்னூல் சொல்வதை விளக்கினேன். எபிரெயத்தில் தலைகீழ் ஐயா என்றார். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் தேவன் என்பதற்குரிய ‘எலோகிம்’ பன்மை வடிவம், படைத்தார் என்பதற்குரிய ‘பாரா’ ஒருமை வினை. “இதையும் திரித்துவத்துக்கு ஆதாரமாக்கிவிடாதீர்கள்” என்று சிரித்தார். கால் மணி நேரம் நான் அந்தக் கதவைப் பார்க்கவில்லை.

பிறகு என் மடியில் கிடந்த மருந்துச் சீட்டைத் திருப்பி, அந்த உபாகம வசனத்தின் ஆறு எபிரெயச் சொற்களையும் வலமிருந்து இடமாக எழுதினார். முதல் சொல்லிலும் கடைசிச் சொல்லிலும் இறுதி எழுத்து மட்டும் பெரிதாக இருந்தது. யூதர்களின் வேதமான தோராச் சுருள்களில் அப்படித்தான் எழுதுவார்களாம். வசனத்தின் கடைசி எழுத்து ‘தாலெத்’. அதன் மேல் மூலை கொஞ்சம் மழுங்கினால் ‘ரேஷ்’ ஆகிவிடும்; ‘எகாத்’ போய் ‘அகேர்’ வந்துவிடும். அகேர் என்றால் வேறொருவர். அந்தப் பிழை நேராதிருக்கவே எழுத்தைப் பெரிதாக்கினார்கள் என்பது ஒரு விளக்கம்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அவளை எனக்குக் கொடுத்தவர் ஒருவர், பறிக்க வந்திருப்பவர் வேறொருவர் என்று ஒன்பது நாளாக மனத்துக்குள் இரண்டு கடவுள்களை வைத்துக்கொண்டு, ஒருவரிடம் மற்றவரைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஏசாயா 45இல் ஒளியையும் இருளையும் உண்டாக்கினவர் நானே என்கிறவர் ஒருவர்தான். வழக்காடுவதானாலும் அவரிடம்தான் வழக்காட வேண்டும். யோபு அதைத்தான் செய்தான். அன்று விடியும்வரை நானும் செய்தேன்.

தம்பி, எல்லோர் முன்னாலும் அவமதித்தேன்; எல்லோர் முன்னாலுமே மன்னிப்புக் கேட்கிறேன். ‘எகாத்’ பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி. இயேசுவைக் கர்த்தர் என்று நாம் சொல்வது ஒரு சொல்லின் இலக்கணத்தை நம்பி அல்ல. பிரதான கற்பனை, அதாவது முதன்மையான கட்டளை, எது என்று யூத வேத அறிஞனாகிய வேதபாரகன் கேட்டபோது அவரே இந்த வசனத்தைத்தான் சொன்னார். அப்போஸ்தலனாகிய பவுல் 1 கொரிந்தியர் 8:6இல் இதே வசனத்தின் சொற்களை எடுத்து, பிதாவாகிய ஒரே தேவன், இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர் என்று எழுதுகிறார். அங்கே இரண்டாவது கடவுள் இல்லை. அந்த ஒருவருக்குள்ளேயே இயேசுவின் பெயரும் வருகிறது. யூதர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். வசனம் முதலில் அவர்களுடையது என்பதை நான் இத்தனை வருடம் வகுப்பில் சொன்னதே இல்லை.

வருகிற சனிக்கிழமை வகுப்பு உண்டு. நடத்தப்போவது தம்பி. நான் கடைசி பெஞ்சில் இருப்பேன்.

அந்தச் சீட்டை வேதாகமத்தில் உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறேன். நேற்று அவள் எடுத்துப் பார்த்தாள். எபிரெயத்தின் மேல் கண் நிற்கவில்லை. முன்பக்கத்தைத் திருப்பிப் படித்து, “ஊசி மருந்துக்கு இவ்வளவா! யார் கட்டினது?” என்றாள். நான் கட்டவில்லை. கேட்டபோது, ஏற்கெனவே கட்டியாயிற்று என்றுதான் கவுன்டரில் சொன்னார்கள். கட்டியவர் இதைப் படித்தால் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். அவள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.