சென்டிமீட்டரை விடுங்கள், தெர்மாமீட்டரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மேசை மேல் வைக்கிற குட்டி மீன்தொட்டியைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ஒரு அடித் தொட்டிக்கு அதில் சொல்லியிருந்த பட்டியல் (நியான் டெட்ரா ஆறு, கேலக்ஸி ரஸ்போரா ஆறு, செர்ரி இறால் பத்து) சென்னையில் ஏசி இல்லாத அறையில் ஒரு மே மாதத்தைத் தாண்டுவது கஷ்டம். எல்லாமே நாலு சென்டிமீட்டருக்குள் அடங்குகிற உயிர்கள்தான், மறுக்கவில்லை. தொட்டி சின்னது, அதனால் மீனும் சின்னது என்று கட்டுரையாளர் கணக்குப் போட்டிருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

நான் இருப்பது பெரம்பூர். கொளத்தூர் மீன் கடைகள் கூப்பிடு தூரம். காய்கறி வாங்கப் போய் மீன் பாக்கெட்டோடு திரும்பி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய. எல்லாப் பக்கமும் ஒரு அடி உள்ள தொட்டியில் விளிம்புவரை ஊற்றினாலே 27 லிட்டர்தான் பிடிக்கும். மண், கல், செடி போக இருபது சொச்சம். அதாவது ஒரு தண்ணீர் கேன். ஒரு கேன் தண்ணீர் சூடாக எவ்வளவு நேரம் ஆகும்? போன மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு என் தொட்டியில் தெர்மாமீட்டர் 32 காட்டியது. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 32-இல் அது ஏழு சொச்சமாக இறங்கிவிடுகிறது. சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்து, மூச்சு குறைகிறது.

கேலக்ஸி ரஸ்போராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல்தான் உலகத்துக்குத் தெரியவந்த மீன். மியான்மரில் இன்லே ஏரிக்குக் கிழக்கே, ஹோபோங் பக்கத்தில், ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற குளங்களில் பிறந்தது. ஊட்டிக்காரரை வேலூர் வெயிலில் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரிதான் அதை இங்கே வளர்ப்பது. கொடைக்கானல் வாசகர்கள் தாராளமாக வாங்கட்டும், எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

சரி, சமவெளிக்காரர்கள் எதை விடுவது? என் ஓட்டு எண்ட்லருக்கு. கப்பியின் நெருங்கிய சொந்தம். வெனிசுவேலாவில் குமனா நகருக்குப் பக்கத்தில் உள்ள லகுனா தே பாத்தோஸ் ஏரியில் 1975-இல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் பிடித்து வந்தது. அந்த ஏரித் தண்ணீர் கதகதப்பானது, கடினமானதும்கூட. நம் போர்வெல் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறோமோ என்று தோன்றும். ஆண் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆனால் பச்சையும் ஆரஞ்சுமாகத் தீப்பொறி போலப் பறக்கும். ஐந்தாறு ஆண் மட்டும் வாங்குங்கள். ஜோடியாக வாங்கினால் மாதத்துக்கொரு பிரசவம், அப்புறம் குஞ்சுகளைக் கொடுக்க அக்கம்பக்கத்து வீடு போதாது.

சத்தம் போடுகிற மீன் வேண்டுமென்றால் ஸ்பார்க்ளிங் கௌராமி. நாலு சென்டிமீட்டர், ராத்திரி விளக்கை அணைத்தபின் கர்ர் கர்ர் என்று கேட்கும். மேலே வந்து காற்றைக் குடிக்கிற வகை என்பதால் சூட்டில் மூச்சுத் திணறாது. நம் ஊர்க் குளம், வாய்க்காலிலேயே இருக்கிற கியூபனஸ் மீனும் இந்த வகைதான். அந்தப் பெயர் புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து வந்தது. 1831-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே விவரித்தது அங்கே பிடித்த மீனை. அரியாங்குப்பம் பிரெஞ்சுக்காரர் வாயில் நுழைந்து கியூபனஸ் ஆகிவிட்டது! கொஞ்சம் பெரிதாகும், ஆறு சென்டிமீட்டர் வரும், அதனால் ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம். போர்னியோவின் சில்லி ரஸ்போரா அழகுதான், ஆனால் அது கறுப்புத் தேநீர் போன்ற மென்தண்ணீரில் பிறந்தது. ஆர்ஓ தண்ணீரும் காய்ந்த பாதாம் இலையும் போட முடிந்தவர்கள் மட்டும் முயலலாம். இலையைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். எங்கள் தெருவில் காலில் மிதிபடுகிறது.

இறால் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் மீனைச் சொல்லிவிட்டு, கடைசியில் கொசுறாக இறாலைச் சேர்த்திருந்தார்கள். இறால் வேண்டுமென்றால் அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், மீன் அப்புறம். பிறந்த இறால் குஞ்சு இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைத் தின்னாத மீன் வாயே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசி அடர்த்தியாக இருந்தால் எண்ட்லரோடு ஓரளவு தப்பிக்கும். கௌராமியோடு கஷ்டம். கேரளத்து ஆறுகளின் குட்டிப் பேத்தை மீனை, 'பீ பஃபர்' என்று கடைகளில் தருவதை, இறாலோடு விட்டால் இறாலுக்கு அன்றோடு சரி. போதாததற்கு அது காட்டில் அருகிவருகிற இனம்.

செர்ரி இறால் தோலுரித்து வளர்கிற பிராணி. வெறும் ஆர்ஓ தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கிடையாது, தோல் சரியாகக் கழலாமல் சாகும். வெறும் போர்வெல் தண்ணீர் மறுகோடி. நான் ஒரு பங்கு போர்வெல்லுக்கு மூன்று பங்கு ஆர்ஓ கலந்து, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) இருநூறு பக்கம் நிறுத்துகிறேன். உங்கள் தண்ணீருக்கு அளவு மாறும், மீட்டர் வைத்துப் பாருங்கள். சூடு 28-ஐத் தாண்டினால் என் இறால்கள் வயிற்றில் சுமக்கிற முட்டையை உதிர்த்துவிடுகின்றன. அதனால் தொட்டியை ஆவணியில் வைத்து, இரண்டு மாதம் தண்ணீரைப் பழக்கி, தீபாவளி கழித்து இறால் விடுவது என் வழக்கம். கோடைக்குள் அவை ஊன்றிவிடும். மே மாதத்துக்கு ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் வீசுகிற மாதிரி மாட்டிவிடுவேன். தொட்டியை மூடாதீர்கள். ஆனால் கௌராமி குதிக்கும், அதற்கு வலை போடுங்கள்.

கட்டுரையில் இல்லாத, எனக்கு நாற்பது இறால் செலவான ஒரு சமாச்சாரம்: பிளக்கில் செருகுகிற கொசு மருந்து. பைரித்ராய்டு வகை மருந்து, நமக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே இறாலைக் கொன்றுவிடும். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள்தானே விடுகிறது! ஒரே ராத்திரி. காலையில் எல்லாம் மல்லாந்து கால் உதறிக்கொண்டு கிடந்தன. இப்போது அந்த அறையில் கொசுவலை. மீன் நோய்க்கான மருந்து வாங்கினாலும் அதில் தாமிரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

"கண்ணாடி சுத்தமாக இருக்க ஒரு சக்கர் மீன்" என்ற வரியைப் படித்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். கடையில் இரண்டு அங்குலம் இருக்கிற அந்த மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஏரிகளில் இன்று மீனவர் வலையில் முள்ளோடு சிக்கிக் கிழிக்கிற சக்கர் மீன்கள் எல்லாம் இப்படி யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்தும் பண்ணையிலிருந்தும் போனவைதான். அந்த ஒரு வரிக்காவது அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். ஏப்ரல் லீவில் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை