கார் பாத்துட்டு வந்தன் மனே

கத்தாரில இரிக்கிற அன்பு மகனுக்கு அம்மா எழுதிறன்.

போனில சொன்னா நீ இடையில இடையில கேள்வி கேப்பாய், லைனும் வெட்டி வெட்டிப் போகும், நான் சொல்ல வந்தத பாதியில மறந்துருவன். அதால ஆறுதலா இருந்து எழுதிறன், வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து சாப்பிட்டுட்டு வாசி.

நீ படம் அனுப்பின அந்த வெள்ளை டொயோட்டா அலியன் 240 காரை போன சனிக்கிழமை போய்ப் பாத்தம். நானும் அப்பாவும் மருமகளும், உன்னோட படிச்ச கராச் தம்பியும். அவன் அண்டைக்கு வேலைய விட்டுப்போட்டு வந்தவன், காசு குடுத்தும் வாங்கல்ல, நீ ஒருக்கா அவனுக்குப் போன் எடுத்து நல்ல வார்த்தை சொல்லு. கார் படத்தில இருந்த மாதிரியேதான் இரிக்கு, பளபளண்டு, உள்ளுக்க வாசமெல்லாம் அடிச்சு வச்சிருக்காங்க. மருமகள் பாத்த உடனே சிரிச்சிட்டாள், எனக்கும் ஆசையாத்தான் இருந்திச்சு, பொய் சொல்லேலாது.

ஆனா மனே நான் முப்பது வருசமா துணி தைக்கிறவள். சீட்டில இருக்க முதல் எனக்குக் கை தையலுக்குத்தான் போச்சு. கொம்பனியில தைச்ச சீட் எண்டா தையல் ஒரே அளவா, ஒரே இழுவையில போகும். இதில முன் சீட் ரெண்டிலயும் பழைய ஊசி ஓட்டைக்குப் பக்கத்தில புது ஓட்டை, நூலும் வேற. ஆரோ சீட்ட முழுசா கழட்டி உரிச்சு திரும்பத் தைச்சிருக்காங்க. சீட் கவர் பழசாப் போய் மாத்தினாலும் மாத்தியிருப்பாங்கதான், ஆனா அதே பழைய துணியத் திரும்பப் போட்டுத் தைக்கிறதுக்கு என்ன தேவை? கழுவிக் காய வைக்கிறதுக்குத்தானே கழட்டுவாங்க. எனக்கு மனசுக்க என்னவோ செஞ்சிச்சு. சீலை வாங்கக்குள்ள உள்முந்தி வரைக்கும் விரிச்சுப் பாக்கிற மாதிரி அந்த சீட் பெல்ட்ட இழு இழு எண்டு கடைசி வரைக்கும் இழுத்தன். வெளிய தெரியிற பக்கமெல்லாம் துவைச்சு சுத்தமா இரிக்கு, உள்ளுக்க சுத்திக் கிடந்த கடைசி ஒரு முழத்தில மண் நிறத்தில ஒரு கோடு. வெள்ளம் எந்த மட்டத்தில நிண்டதெண்டு செவத்தில கோடு கிடக்குமே, அதே மாதிரி. தம்பியக் கூப்பிட்டுக் காட்டினன். அவன் ஒண்டும் பேசாம டிக்கியத் திறந்து ஸ்பெயார் டயரத் தூக்கினான், அந்தக் குழிக்க மண் படிஞ்சு காஞ்சு கிடக்கு, சீட்டப் பூட்டுற ஆணியெல்லாம் கறள். தண்ணிக்க கிடந்த கார் மனே. எந்த ஊரில எந்த வெள்ளமோ, 2024 கார்த்திகையில இஞ்சயும் எத்தின வாகனம் தண்ணிக்க நிண்டது. வயர், கொம்பியூட்டர் பொக்ஸ் எல்லாம் நனைஞ்சா இண்டைக்கு ஓடும், ஆறு மாசத்தில ஒவ்வொண்டா போகத் தொடங்கும் எண்டான்.

இன்னொண்டும் சொல்றன். மீட்டரில 82 ஆயிரம் கிலோமீட்டர் எண்டு காட்டுது. பிரேக் பெடல்ட ரப்பரப் பாத்தன், வரி ஒண்டும் இல்லாம மொட்டையா தேஞ்சு, என்ட பழைய மெசின்ட மிதி பலகை மாதிரி. 82 ஆயிரத்தில அப்பிடித் தேயாது. நாங்க போகக்குள்ளயே என்ஜினும் சூடு, காலையில ஆரோ ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டாங்க, குளிரில எப்பிடி ஸ்டார்ட் ஆகுதெண்டு நாங்க பாக்கக்கூடாதெண்டு. வாகனப் பதிவுப் புக்கக் கேட்டா குருநாகல் பக்கத்து ஆள்ட பேரில கிடக்கு, அவர் வித்து இவர் வித்து மூண்டு கை மாறியும் பேர் மாத்தல்ல, ஓப்பன் பேப்பர், அதான் வாங்குறவர்ட பேர் எழுதாம கையெழுத்து மட்டும் போட்ட பேப்பர், தாறமெண்டாங்க. கையெழுத்துப் போட்ட மனிசன் செத்துப் போனாலோ கையெழுத்து ஒத்துப்போகாட்டியோ கொழும்பில நாரஹேன்பிட்ட வாகனப் பதிவுக் கந்தோருக்கு ஏறி இறங்கிறது ஆரு, அப்பாவா? 71 லட்சம் கேக்கிறாங்க. நான் வேணாம் எண்டுட்டு வந்துட்டன். உனக்கு அந்தக் காரில ஆசை எண்டு தெரியும், அதுக்காகத்தான் இவ்வளவும் விளக்கமா எழுதிறன், அம்மா சும்மா தட்டிக் கழிச்சதெண்டு நினைக்காத.

மருமகள் வேகன் ஆர் எண்டு கேட்டாள். சீட் உயரம், அப்பாட முழங்காலுக்கு லேசு, அது உண்மைதான். ஆனா ஜப்பானில இருந்து வந்த 660 சிசி வேகன் ஆர் நாலு பேருக்குத்தான், நாங்க அப்பா நான் மருமகள் பிள்ளையள் ரெண்டு எண்டு அஞ்சு பேர், நீ வந்தா ஆறு. ஹைபிரிட் பத்தியும் விசாரிச்சன், அக்சியோ ஹைபிரிட் பெற்றோல் மிச்சம்தான், பட்டரி போனா லட்சக்கணக்கில வரும், அதோட விலையே நமக்கு எட்டாது. 2020 மார்ச்சில நிப்பாட்டின கார் இறக்குமதிய 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க, திறந்தும் வரி அவ்வளவு, அதால இருவது வருசப் பழைய காரும் இஞ்ச தங்கம் மாதிரித்தான் விக்குது.

அதுக்குப் பிறகு காத்தான்குடியில ஒரு முஸ்லிம் நானாட டொயோட்டா கொரோலா 121 பாத்தம், 2003. அதைப் பத்தி உண்மையச் சொல்லணும், அது நல்ல கார். என்ட ஊசி பொறுக்குற காந்தம் இருக்கில்லையா, அதைத் தம்பி கேட்டு வாங்கி, மெல்லிய துணியில சுத்தி, கதவு, மட்காட், கதவுக்குக் கீழ ஓரம் எல்லாம் வச்சு வச்சுப் பாத்தான். தகடு எண்டா இழுத்துப் பிடிக்கும், நெளிவ மறைக்கிற புட்டி தடிப்பாப் பூசியிருந்தா விழுந்திரும். நானாட காரில எல்லா இடமும் பிடிச்சிச்சு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற ஊர் இது, உப்புக்காத்தில இரும்பு என்ன பாடு படுமெண்டு நம்மட கேட்டப் பாத்தாலே தெரியும், அவர் எப்பிடி அப்பிடி வச்சிருந்தாரோ. நீ கேட்ட அந்த அலியனுக்கும் இதுக்கும் ஒரே என்ஜின்தான், 1NZ எண்டு தம்பி சொன்னான், 1500 சிசி, டைமிங் பெல்ட் இல்ல செயின், சாமானும் எந்தக் கடையிலயும் கிடைக்கும். 57 லட்சம் கேட்டார், 55க்கு வருவார் போல. நானா நல்ல மனிசன், பிளேன்டீ தந்து, ஓடிப் பாருங்கண்டு திறப்பக் கையில தந்தார். ஆனா மனே உன்ட கையில இரிக்கிறது 41.

கடைசியா களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு நிசான் சன்னி, எஃப்.பி. 15. பழைய போஸ்ட் மாஸ்டர் ஐயா ஒருத்தர்ட, 2002ம் வருசம் செஞ்சது, அவர் 2009ல வாங்கினவர், புக் அவர்ட பேரிலேயே இரிக்கு, லீசிங் ஒண்டும் இல்ல. முதல் நாளே போன் எடுத்து நாங்க வாற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம் ஐயா எண்டு சொல்லிட்டன். தம்பி போய் முதல் வேலையா பொனற்றில உள்ளங்கைய வச்சான், பச்சைத்தண்ணி மாதிரி. ஒரு திருப்பில ஸ்டார்ட் ஆச்சு, புகை இல்ல. கியர் ஒயில் கம்பிய இழுத்து மணந்து பாத்தான், கருகின மணம் இல்ல, நிறமும் கறுக்கல்ல எண்டான்.

அந்த ஐயா வீட்டுக்க போய் ஒரு கொப்பி எடுத்துட்டு வந்தார். தடிச்ச அட்டைக் கொப்பி, நான் அளவு எழுதி வைக்கிற கொப்பி மாதிரியே, அட்டை பிஞ்சு டேப் ஒட்டியிரிக்கு. வாங்கின நாளில இருந்து எண்ணெய் அடிச்சது, ஒயில் மாத்தினது, எந்தப் பக்கத்து டயர் எப்ப மாத்தினது எல்லாம் திகதியோட, மீட்டரோட, நீலப் பேனையில. 2022ல பெற்றோல் இல்லாத காலத்தில ஒரு பக்கம் முழுக்க ரெண்டே ரெண்டு வரி. நான் நிண்டு நிண்டு வாசிச்சன். ஆரும் காட்டுறதுக்காக பதினாறு வருசம் ஒரு கொப்பி எழுத மாட்டாங்க. 1 லட்சத்து 68 ஆயிரம் ஓடியிரிக்கு, கொப்பியும் மீட்டரும் ஒத்துப்போகுது.

அப்பாவ முன் சீட்டில மூண்டு தரம் ஏத்தி இறக்கிப் பாத்தன். கார் பணிவுதான், முதல் தரம் கதவப் பிடிச்சுக்கொண்டு கஷ்டப்பட்டார். பிறகு சீட்டப் பின்னுக்குத் தள்ளி, முதல் இருந்து பிறகு ரெண்டு காலையும் ஒண்டா உள்ளுக்க எடுங்கண்டு சொல்லிக் குடுத்தன், மூண்டாம் தரம் தனியா ஏறினார். ஒரு குஷன் தைச்சுப் போட்டா இன்னும் லேசாயிரும், அளவு எடுத்துட்டன். மருமகள் ஓட்டினாள், மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்த் திரும்பினம், அவளுக்கு ஸ்கூலுக்கும் அந்தப் பாதைதானே. பாலத்தில ஏறக்குள்ள அப்பா கண்ணாடியத் திறந்துட்டு, முந்தி இதில துறையில படகுக்குக் காத்து நிண்ட கதையச் சொல்லத் தொடங்கிட்டார். எத்தினயோ நாளைக்குப் பிறகு அவர் அப்பிடிக் கதைச்சது.

குறையும் சொல்றன். ஏசி குளிர் காணாது. முன் சொக் அப்சோபர் ரெண்டும் முடிஞ்சு, குழியில விழக்குள்ள டக் டக் எண்டு சத்தம். இடது பின் கதவில அவர்ட கேட்டில உரசின நெளிவு. டயர் நாலும் மாத்தணும். பின் மட்காட் ஓரத்தில ஒரு கை அகலத்துக்குக் காந்தம் பிடிக்கல்ல, கறளுக்கு வெட்டி ஒட்டினதெண்டு அவரே சொன்னார், நாங்க கேக்க முதல். எல்லாத்துக்கும் ரெண்டரை மூண்டு லட்சம் எண்டு தம்பி கணக்குச் சொன்னான். விலை முப்பத்தி நாலரை கேட்டவர், 33க்குத் தாறன் எண்டுட்டார். திரும்ப விக்கிற நேரம் கொரோலாட விலை இதுக்குப் போகாது, அதையும் தெரிஞ்சு வச்சுக்கொள்.

இப்ப காசுக் கணக்கு. நீ 30 லட்சம் லீசிங் எடுத்து பெரிய கார் வாங்கலாம் எண்டாய். நான் ஆள விட்டு விசாரிச்சன், மாசம் 71 ஆயிரம், 60 மாசம். கொப்பியில பெருக்கிப் பாத்தன், 42 லட்சத்து 60 ஆயிரம் வருது. எடுக்கிறது முப்பது. உன்ட சம்பளம் எவ்வளவு, வெயிலுக்க நிண்டு நீ என்ன பாடு படுறாய் எண்டு நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும், வீடியோவில உன்ட கழுத்தப் பாத்தன், தோல் கறுத்து உரியுது. அந்தக் கடன எடுத்தா நீ வாற வருசம் ஆவணியில கொன்ட்ராக்ட் முடிஞ்சும் வர மாட்டாய். இன்னும் ரெண்டு வருசம் எண்டுவாய், பிறகு இன்னும் ஒண்டு எண்டுவாய்.

போன மாரியில ராவு ரெண்டு மணிக்கு அப்பாக்கு மூச்சு இழுக்கக்குள்ள ஓட்டோ ஒண்டும் வராம, பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டர் உழவு மெசினில பொலித்தீன் தாளால போத்திக்கொண்டு போனமே, அதுக்குப் பிறகுதான் நீ கார் கார் எண்டு நிக்கிறாய். எனக்கு விளங்குது மனே. நீ இஞ்ச இல்லாமப் போச்சு எண்டு உனக்கு நெஞ்சுக்க கிடக்கு. அந்த ராவு அப்பா கேட்டது காரை இல்ல, மகன் நித்திரையா இருப்பானே, அவனுக்குச் சொல்லாத, பயந்துருவான் எண்டதுதான். உனக்கு இதைச் சொல்லக் கூடாதெண்டு இருந்தனான், ஆனா கடன் எடுக்கிற கதை வந்ததால சொல்றன். கார் எங்களுக்கு வேணும். கிளினிக்குக்கு வேணும், மருமகள் மழையில ஸ்கூட்டியில போறதப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது, சின்னவளுக்கும் இருமல். ஆனா உன்ட ரெண்டு வருசத்தக் குடுத்து வாங்குற கார் வேணாம். ஊர் ஆக்கள் கத்தாரில இருந்து சன்னியா வாங்கினான் எண்டு சொன்னா சொல்லட்டும், அவங்களா வந்து மாரியில அப்பாவத் தூக்கப் போறாங்க.

41ல 33 போனா 8 மிச்சம். மூண்டு லட்சம் ரிப்பேருக்கு, பேர் மாத்தவும் ஃபுல் இன்சூரன்சுக்கும் கொஞ்சம், மிச்சத்த பேங்கில விடு, தொடாத. சொக்கையும் டயரையும் முதல் மாத்துவம், ஏசி பிறகு பாக்கலாம், கண்ணாடியத் திறந்தா வாவிக் காத்து வரும்தானே. புட்டி போட்ட இடத்த வருசா வருசம் மாரி முடிய நான் காந்தம் வச்சுப் பாக்கிறன். காரை ஒரு பொழுதும் வேலியோரத்தில கடற்காத்துக்கு விட மாட்டம், அப்பா கிணத்தடிப் பக்கம் ஓலைக் கொட்டில் ஒண்டு போடலாமெண்டு இப்பவே கம்பு பாக்கிறார்.

ஐயாக்கு அட்வான்ஸ் ஒண்டும் குடுக்கல்ல, உன்ட சொல் வராம குடுக்க மாட்டன், உழைச்சவன் நீ. அவர் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வேற ஆருக்கும் காட்ட மாட்டன் எண்டார். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, காலையில எழும்பி முகத்தக் கழுவிட்டு எடு, அப்பாவோடயும் கதை. கொப்பியில நாலஞ்சு பக்கம் போனில படம் எடுத்து வச்சிருக்கன், மருமகள் பின்னேரம் அனுப்புவாள், பாரு.

நேரத்துக்குச் சாப்பிடு மனே. கழுத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போ, வாற ஆள்ட கையில வெள்ளைப் பருத்தித் துணியில நாலு தைச்சு அனுப்புறன்.

அன்புடன்
அம்மா
ஆரையம்பதி