செவ்வாய்ப் புயல்: ஞாயிறு பேசுவோம்

நண்பர்களே, செவ்வாய்க் கோளில் தனியாகச் சிக்கிக்கொள்ளும் விண்வெளி வீரரின் கதையான 'தி மார்ஷியன்' படத்தின் புயல் காட்சியைப் பற்றி ஞாயிறு மாலை 6 மணிக்குப் பேசலாம். ராக்கெட்டையே சாய்க்கப் பார்க்கும் அந்தக் காற்று செவ்வாயில் சாத்தியமா?

அங்குள்ள காற்றின் அடர்த்தி பூமியில் இருப்பதில் ஏறக்குறைய 60-ல் ஒரு பங்குதான். காற்றின் தள்ளுவிசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் (வேகம் × வேகம்) பொறுத்தது. கணக்குப் போட்டால், அங்கே மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, இங்கே 20 கி.மீ. வேகக் காற்றைப் போலத்தான் தள்ளும். மொட்டைமாடியில் காயும் துணி ஆடும், அவ்வளவுதான்! கதைக்காகத் தெரிந்தே இதை மீறியதாக படத்தின் மூல நாவலை எழுதிய ஆண்டி வியரே சொல்லியிருக்கிறார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், ஹைட்ரசீன் என்ற ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர் தயாரிக்கும் காட்சியையும் பார்த்துவிட்டு வாருங்கள். சந்தேகங்களைச் சனிக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.