டூவும்பாவின் செம்மண்ணும் உன் அம்மாவின் கனகாம்பரமும்

பினாங்கு,
புரட்டாசி கடைசி வாரம்.

அன்புள்ள கமலா,

நான் ஊரில் இல்லாத நேரத்தில் வந்த உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அக்கா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். நேற்றுதான் கைக்குக் கிடைத்தது. முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. ஆனால் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த நாட்களில் தயவுசெய்து எட்டு மாடி ஏறாதே. செந்தூல் மார்க்கெட்டுக்கு யாரையாவது அனுப்பு. அப்புறம், செடித் தொட்டிகளை எல்லாம் கொடுத்துவிட்டேன் என்று ஒரே வரியில் முடித்திருந்தாய். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு, பிரிஸ்பேன் போயிருந்தேன். அங்கிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் டூவும்பா என்று ஓர் ஊர். தோட்ட நகரம் என்றுதான் அதற்குப் பட்டப்பெயர். ஆண்டுதோறும் செப்டம்பரில் அங்கே மலர் விழா. நமக்கு செப்டம்பர் என்றால் மழை. பூமியின் அந்தப் பாதியில் அப்போதுதான் குளிர் விலகி வசந்தம் பிறக்கிறது. "அம்மா, உங்களுக்குப் பூ என்றால் உயிர், கட்டாயம் போகணும்" என்று மாப்பிள்ளை காரை எடுத்தார்.

ஊர் மலைத்தொடரின் விளிம்பில் இருக்கிறது. உயரம் 700 மீட்டர் அளவுக்கு, நம் பினாங்குக் கொடிமலையைவிடச் சற்றுக் குறைவு. காலையில் நல்ல குளிர், காதில் துண்டு கட்டிக்கொண்டேன். காரை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது பூவை அல்ல, மண்ணை. செம்மண், கமலா! நாம் வளர்ந்த ரப்பர் தோட்டத்துச் செம்மண் மாதிரியே. பள்ளிக்கூடத்து வெள்ளைக் காலுறை எத்தனை துவைத்தாலும் போகாத அந்த நிறம் ஞாபகம் இருக்கிறதா? அங்கே அது எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகி, கல் மக்கி வந்த மண். அந்த எரிமலைகள் ஓய்ந்து இரண்டு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன்.

குவீன்ஸ் பார்க், லாரல் பேங்க் பார்க் இரண்டையும் சுற்றினோம். பாத்தி பாத்தியாக டியூலிப், பாப்பி, முகம் வரைந்தது போன்ற பான்ஸி. ஸ்னாப்டிராகன் என்று ஒரு பூ, பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் வாயைத் திறந்து மூடும். பேத்தி அதை விட்டு நகரவே மாட்டேன் என்றாள். டியூலிப்பைப் பற்றி மகள் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. குளிர் போதாத இடங்களில் அதன் கிழங்கைப் பல வாரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் நடுவார்களாம். ஒரு குளிர்காலத்தைத் தாண்டி வந்தால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். நம் ரப்பர் மரம் மாசி, பங்குனியில் இலையெல்லாம் சிவந்து உதிர்ந்து, பிறகு தளதளவென்று துளிர்க்குமே, எனக்குத் தெரிந்த வசந்தம் அதுதான். அந்த மாதங்களில் பால் குறைந்து அப்பாவின் சம்பளமும் குறையும் என்பதால் வீட்டில் யாரும் அதை ரசித்ததில்லை.

ஊர்வலம் சனிக்கிழமை. புரட்டாசி முதல் சனி என்பதால் நான் விரதம். மகள் கட்டி வந்த எலுமிச்சைச் சோற்றைச் சாலையோரத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். பூவால் மூடிய வண்டிகள், வாத்தியக் குழுக்கள், பள்ளிப் பிள்ளைகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஊருக்கு ஆட்கள் வந்து போகவேண்டும் என்று எசெக்ஸ் டெய்ட் என்பவர் முன்நின்று உண்டாக்கிய விழா. முதல் விழா 1950இல். ஊர்வலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீயும் நானும் ஒருமுறை புத்ராஜெயா ஃப்ளோரியா மலர் விழாவுக்குப் போய் வந்தோமே, அந்த மாதிரிதான் இதுவும் இருக்கும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள்தான் வேறு மாதிரி ஆயிற்று. அந்த ஊர் நாளிதழ் 'கிரானிக்கிள்' வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டி நடத்துகிறது. கலந்துகொள்பவர்களில் பலர் விழா நாட்களில் வாசற்கதவைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாத யாரும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். எனக்கு முதலில் கூச்சம். அழைக்காத வீட்டுக்குள் எப்படி நுழைவது? ஒரு வீட்டில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர், கையெல்லாம் செம்மண்ணோடு, நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் "வாருங்கள், வாருங்கள்" என்று அழைத்துக்கொண்டிருந்தார். பெரிய தோட்டம் இல்லை. நம் லயத்து வரிசை வீட்டு வாசலைப் போல இரண்டு மடங்கு இருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு பூவுக்கும் தண்ணீர் எப்படி என்று மகளை விட்டுக் கேட்டேன். பாட்டி பழைய வறட்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அணைகள் வற்றிக்கொண்டே போக, கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்க்கலாமா என்று 2006இல் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பே நடந்திருக்கிறது. நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றார்கள். பிறகு 2010இல்தான் வைவன்ஹோ அணையிலிருந்து மலைமேல் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியது. அந்த ஆண்டுகளில் குளித்த தண்ணீரை, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துப் பிடித்துத் தன் செடிகளைக் காப்பாற்றியதாகச் சொன்னார். ஒரு ரோஜாவைக் காட்டி, இது என் மாமியார் கொடுத்த கிளையில் வந்தது, இதை எப்படிச் சாகவிடுவேன் என்றார்.

எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை, கமலா. உன் அம்மா கண்முன் வந்துவிட்டார்.

விடிகாலை நாலரை மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, பால்மரம் வெட்டி, மதியம் களைத்து வந்தவர், உட்காருவதற்கு முன்னால் அரிசி களைந்த தண்ணீரைச் சட்டியோடு எடுத்து வந்து கனகாம்பரத்துக்கு ஊற்றுவார். பொதுக் குழாயில் வரிசை நின்று பிடித்த தண்ணீர் அரிசிக்கு, அந்த அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு. வீடும் நம்முடையது இல்லை, மண்ணும் நம்முடையது இல்லை. ஆனால் லயத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பூ உங்கள் வாசலிலிருந்துதான் போகும். கதவு என்று ஒன்று இருந்தால்தானே திறந்து வைக்க! தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னபோது நாம் ஐந்தாம் படிவம். சாமான்களை லாரியில் ஏற்றும் நேரத்தில் உன் அம்மா ஒரு மைலோ டின்னில் விதை சேர்த்துக்கொண்டிருந்தார். பாதியை என் அம்மாவிடம் கொடுத்தார். அந்த நாளை எங்கள் வீட்டில் இன்றும் பேசுவோம்.

அந்த விதையின் வழிதான் இன்றும் என் வீட்டு வாசலில் நான்கு தொட்டியில் பூக்கிறது. உனக்கு இது தெரியும் என்றே நினைத்திருந்தேன். நேற்று யோசித்துப் பார்த்தால், நான் உனக்குச் சொன்னதாக ஞாபகமே இல்லை. உங்கள் வீட்டுப் பாதி செந்தூலுக்கு வந்து எப்போது பட்டுப்போனது என்று நீயும் சொல்லவில்லை.

குனியவும் தண்ணீர் தூக்கவும் முடியவில்லை, அதனால்தான் தொட்டிகளைக் கொடுத்துவிட்டாய். புரிகிறது. ஆனால் ஒரு தொட்டியை ஜன்னல் உயரத்தில், காலை வெயில் படும் இடத்தில் வைத்தால் குனியவே வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீர் போதும். தீபாவளி கழிந்து நான் கோலாலம்பூர் வருகிறேன். ஸ்டாண்டு வாங்கி நானே வைத்துக் கொடுக்கிறேன்.

இத்துடன் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வைத்திருக்கிறேன். இன்று காலை பறித்த கனகாம்பரக் காய்கள், நன்றாகக் காய்ந்தவை. ஈரக் கையோடு பிரிக்காதே. தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை நாலா பக்கமும் தெறிக்கும், சின்ன வயதில் எச்சில் தொட்டு விளையாடுவோமே, அதேதான். ஒரு கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு. சத்தம் கேட்டதும் எனக்குப் போன் பண்ணு.

உன்,
சரசு