எம்.ஜி.ஆரைக் காணோம் என்றது கணினி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். எங்கள் வட்டாரத்து மரண சகாய நிதிக்கு 14 ஆண்டுகளாக நான்தான் செயலாளர். மாதம் 5 ரிங்கிட் சந்தா. யார் கட்டினார், யார் பாக்கி, எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு முழுவதும் 2010இல் வாங்கிய ஒரு மேசைக் கணினியில்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

ஆண்டுக் கூட்டத்துக்கு 9 நாள் இருக்கும்போது ஒரு மழை இரவில் கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரே வரி: ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’. என் வயதுக்காரன் அதை வேறு எப்படி வாசிப்பான்? எம்.ஜி.ஆரைக் காணோமாம். (பூட் மேனேஜர், அதாவது விண்டோஸை எழுப்பும் நிரல், காணவில்லை என்பதுதான் அதன் பொருள்.) சிரிப்பு வந்தது. கணக்கு நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொம்தார் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒரு நிமிடம் பார்த்தான். “ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட 80 ரிங்கிட். உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். அது வேண்டுமென்றால் 350” என்றான். கையெழுத்துப் போட ஒரு தாளையும் நீட்டினான். அந்த 350 என் பணம் என்றால்கூடப் பரவாயில்லை. சங்கத்துப் பணம், கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியோடு திரும்பிவிட்டேன்.

லிஃப்டில் மேல்மாடிப் பெண்ணைப் பார்த்தேன். போலிடெக்னிக்கில் படிக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அங்கிள், ஹார்ட் டிஸ்க் சாகலை. விண்டோஸ் எழுந்து வர வழி தெரியாம படுத்திருக்கு. வேற வட்டில இருந்து எழுப்பிப் பார்க்கலாம்” என்றாள்.

இதை எழுதுவதே அந்த ஒரு பேச்சுக்காகத்தான். கணினி விண்டோஸை நம்பி விழிப்பதில்லை. சுவிட்சைப் போட்டதும், கணினியின் முக்கியச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் என்ற சின்ன நிரல்தான் முதலில் கண் திறக்கிறது. எந்தச் சாதனத்திலிருந்து கிளம்புவது என்று அதனிடம் ஒரு வரிசை உண்டு. துறைமுகத்தில் எந்தக் கப்பல் முதலில் கட்டும் என்று பலகையில் எழுதி வைத்திருப்போமே, அது மாதிரி. என் கணினியில் ஹார்ட் டிஸ்க் முதலில் இருந்தது. டிவிடியை அதற்கு முன்னால் ஏற்றினால் போதும். ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்துகூட அழியாது.

அவள் சொன்னபடி, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை மகனின் மடிக்கணினியில் இறக்கினேன். அங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கோப்பை அப்படியே டிவிடியில் இழுத்துப் போட்டு நகல் எடுத்தேன். இரண்டு டிவிடி வீண். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் அச்சுப்பிரதி, ஒரே கோப்பாக. ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்று கொடுத்தால்தான் அது விரிந்து, எழுப்பக்கூடிய வட்டாகும்.

அப்புறம் கணினியைப் போட்டதும் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாள். சில கணினிகளில் எஃப்2. பயாஸின் நீலத்திரை வந்தது. மவுஸ் அங்கே செல்லவில்லை, அம்புக்குறி விசைகள்தான். ‘பூட்’ பக்கத்துக்குப் போய், பிளஸ் விசையால் டிவிடியை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்தோம். டிவிடியிலிருந்து ஓடுவதால் ஆமை வேகம். நான் காப்பி குடித்து முடித்த பிறகுதான் திரை வந்தது. ஹார்ட் டிஸ்கைத் திறந்தால், என் எக்செல் கோப்புகள் வைத்தது வைத்தபடி இருந்தன. பென்டிரைவில் நகல் எடுக்க 4 நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள், விண்டோஸைச் சரிசெய்ய, கணினியோடு வந்த விண்டோஸ் 7 வட்டைத் தேடி எடுத்தேன். அதைப் போட்டால் மறுபடியும் எம்.ஜி.ஆரைக் காணோம். வரிசை பழையபடி ஹார்ட் டிஸ்குக்குப் போயிருந்தது, தேதியும் 2010 ஜனவரிக்குப் போயிருந்தது. மாடிப் பெண் வந்து, “ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைச்சீங்களா?” என்றாள். மின்கட்டணம் கட்டுகிறவன் அணைக்காமல் இருப்பானா? தாய்ப்பலகையில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று, காசு வடிவத்தில், இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் அமைப்பையும் காப்பது அதுதான். என்னுடையது எப்போதோ செத்துவிட்டது. கணினி தேதியை மாற்றிக் காட்டும்போதெல்லாம் வயதாகிவிட்டது என்று நினைத்து நானே திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சில ரிங்கிட்டுக்கு வேறு வாங்கிப் போட்டேன்.

விண்டோஸ் வட்டில் இன்னொன்று உண்டு. ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று ஒரு வரி தோன்றும். சில நொடிக்குள் அழுத்தாவிட்டால் வட்டை விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்குக்கே போய்விடும். வட்டு கெட்டுவிட்டது என்று நினைக்கிறவர்கள் பலர் அந்த வரியைத் தவறவிட்டவர்கள்தான். நான் அழுத்தினேன். பழுதுபார்க்கும் பகுதியில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ ஓடி முடிந்ததும் கணினி தானாக எழுந்து வந்தது. ஃபார்மட்டே தேவைப்படவில்லை! (விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது என்று யாரும் எழுத வேண்டாம். எனக்குத் தெரியும். இந்தக் கணினிக்கு இணையம் கிடையாது.)

புதிய மடிக்கணினிகளில் பயாஸ் இருந்த இடத்தில் யுஇஎஃப்ஐ இருக்கிறது. வட்டு போடும் வாயே பலவற்றில் இல்லை, பென்டிரைவ்தான். வரிசையை மாற்றாமல் அந்த ஒரு தடவைக்கு மட்டும் தேர்ந்தெடுக்க, டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12. எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9. விண்டோஸ் ஓடுகிறது, விசைக்குத்தான் மசியவில்லை என்றால் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தாலும் அந்த அமைப்புக்கு வழி கிடைக்கும். ஆனால் நம்பகமில்லாத நிரலிலிருந்து கணினி எழுவதைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ போன்றவற்றில் கை வைக்கும் முன், பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கக்கூடும். அது கையில் இல்லாவிட்டால் கடைக்காரராலும் உள்ளே இருப்பதை மீட்க முடியாது.

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபார்மட் அவர்களுக்குச் சுலபம், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்கே உண்மையில் போயிருந்தால் 350 நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன், “வேறு வட்டிலிருந்து எழுப்பிப் பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வியாவது நாம் கேட்க வேண்டும். என் வயதில் மலாயும் தமிழும் நன்றாக வருகிற பலருக்கு அந்த ஆங்கில நீலத்திரைதான் பயம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்ததால், வேறு இயங்குதளத்தை முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே வழிதான். உங்கள் ஞாயிறு பதிப்பில், திரையின் படத்தோடு, தமிழில் அரைப் பக்கம் போட்டால் பலர் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள். நானும் வைத்துக்கொள்வேன்.

ஆண்டுக் கூட்டம் குறித்த நாளில் நடந்தது. கணக்கு வாசித்தேன். 7 மாதச் சந்தா பாக்கி வைத்திருக்கும் ஓர் உறுப்பினர், கணினி கெட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேனே என்று இரண்டு முறை கேட்டார்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற துறைமுக எழுத்தர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.