ஏழு அம்புக்கு எதற்கு இத்தனை கனம்?

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். செமஸ்டர் முடியும் நேரத்தில் ஸ்பைரல் பைண்டிங் கடைப் பக்கம் போயிருக்கிறீர்களா? ‘ஐயோ, ஆர்க்கிடெக்சர் படத்துல அம்பு திரும்பிப் போச்சு’ என்று ஒரு பிள்ளையாவது தலையில் கை வைத்து நிற்கும் (புராஜெக்டின் பாகங்கள் எப்படிச் சேர்கின்றன என்று பெட்டியும் அம்பும் போட்டுக் காட்டும் படம் அது). மூலக் கோப்பு ஹாஸ்டலில் எவனோ ஒருவனின் லேப்டாப்பில் இருக்கும். அதைத் திறக்கும் மென்பொருளும் அந்த ஒரு லேப்டாப்பில்தான் (உரிமம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்). கையில் மிஞ்சுவது மங்கலான படம் ஒன்று. நானும் கடைசியில் பேனாவால்தான் திருத்தினேன். வைவாவில் வெளித்தேர்வாளர் விரல் வைத்தது அந்த அம்பின் மேல்தான்.

எங்கள் விதிமுறைத் தாளில் ‘படங்கள் விசியோவில் வரையப்பட வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. விசியோ இப்படிப்பட்ட வரைபடங்கள் போட நல்ல கருவிதான். 1992இல் வந்தது, 2000இல் மைக்ரோசாப்ட் கைக்குப் போனது. கட்டடத் தரைப்படம் வரைக்கும் அதில் போடலாம். ஆனால் கணினியில் நிறுவும் பதிப்பு விண்டோஸில் மட்டுமே ஓடும். நாலு வருடம் லினக்ஸ் லேபில் உட்கார வைத்துவிட்டு, ஐந்து பெட்டிக்கும் ஏழு அம்புக்கும் அதை வாங்கச் சொல்வது நியாயமா, சார்?

கனம் என்று நான் சொல்வது மென்பொருளின் மெகாபைட் கணக்கை அல்ல. தப்பு கண்ணில் பட்டதிலிருந்து அதைத் திருத்தி முடிக்கும் வரை ஆகும் நேரத்தை. அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தவை, படத்தை மவுஸால் வரையாமல் எழுத்து வரிகளாகத் தட்டச்சு செய்ய வைக்கும் கருவிகள். இது இன்றைய ஃபேஷனும் இல்லை. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிரையன் கெர்னிகன் ‘பிக்’ என்ற மொழியை 1980களிலேயே இதற்காக உருவாக்கினார். அதன் வழி வந்த ‘பிக்சர்’ என்ற கருவியை எழுதியவர், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைத் தந்த ரிச்சர்ட் ஹிப். கிராஃப்விஸ் என்ற கருவியும் பெல் லேப்ஸில் பிறந்ததுதான்: எது எதோடு சேர்கிறது என்று எழுதினால் போதும், பெட்டிகளை எங்கே வைப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். 2014இல் வந்த, அதே வகைக் கருவியான மெர்மெய்டுக்குப் பிரவுசர் போதும். 2022 முதல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் அதை நேரடியாகப் படமாகக் காட்டுகிறது.

இதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. நாலு பேர் பேட்ச்சில் உழைப்பது ஒருவர், கையெழுத்துப் போடுவது நாலு பேர் என்பது உங்களுக்குத் தெரியாததா! கோப்பில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் படம் வரிகளாக இருந்தால் எந்த அம்பை, எந்தத் தேதியில், யாருடைய கணக்கிலிருந்து மாற்றினார்கள் என்று பார்த்துவிடலாம். பட நகலில் அது முடியாது.

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொல்லவில்லை. முப்பது பெட்டியைத் தாண்டினால் கிராஃப்விஸ் சில நேரம் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி ஒன்றைத் தரும். தமிழில் பெயர் எழுதி எஸ்விஜி என்ற வகைப் படக் கோப்பாக எடுத்தால், பார்ப்பவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது எழுத்து பெட்டிக்கு வெளியே வழியும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது மேல். இடம் பார்த்து, மவுஸால் நகர்த்தி வரைய வேண்டிய படத்துக்கு டிரா ஐஓ (draw.io) என்ற கருவி இருக்கிறது. அதன் டெஸ்க்டாப் பதிப்பு இணையம் இல்லாமலும் ஓடும். பிஎன்ஜி படக் கோப்பாக எடுக்கும்போதே மூல வரைபடத்தையும் அதற்குள் பொதிந்துவிடலாம். அந்தப் படத்தையே மறுபடி திறந்து திருத்தலாம். என் விஷயத்தில் அந்த ஒரு வசதி மானத்தைக் காத்திருக்கும். பழைய லேப் கணினிகளுக்கு டியா என்ற வரைகருவி ரொம்ப லேசு, ஆனால் 0.97 வரிசையோடு நீண்ட காலம் தேங்கிப்போன மென்பொருள் அது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, கலர். பச்சை சர்வர், சிவப்பு சர்வர் என்று பிள்ளைகள் பிரித்துக் காட்டுவது கறுப்பு வெள்ளைப் பிரின்ட்டில் ஒரே சாம்பலாகிவிடுகிறது. கோட்டையே புள்ளிக்கோடு, தடித்த கோடு என்று மாற்றச் சொல்லுங்கள்.

விதிமுறைத் தாளில் கருவியின் பெயரை எடுத்துவிட்டு, ‘திருத்தக்கூடிய மூலக் கோப்பும் சேர்த்துத் தரவேண்டும்’ என்று போடுங்கள். முதல் ரிவியூவில் பேட்ச்சில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் எதிரிலேயே ஓர் அம்பைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். படம் வரைந்தவனை மட்டும் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
பேனாவால் அம்பு திருத்திய பழைய மாணவன்