எலும்பு தெரிந்தால் இயந்திரம் நிற்கட்டும்: அரியலூர், பெரம்பலூர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும், மண் எடுக்கவும் சுரங்கம் தோண்டவும் உரிமம் தரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மழைக்கு முன் குளம், ஓடைகளைத் தூர்வாரும் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. பொக்லைன் இறங்கும் மண் எப்படிப்பட்டது என்று நாங்கள் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. காரை என்ற ஊரின் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி. கல்லமேட்டின் மணலும் சேறும் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சமவெளியில் ஆறு கொண்டுவந்து கொட்டியவை. இரண்டிலும் பழங்கால ஊர்வனவற்றின் எலும்புகள் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோண்டும் இடத்தில் எலும்பு தெரிந்தால் சுற்றிலும் 5 மீட்டருக்கு 48 மணி நேரம் வேலை நிற்க வேண்டும். தகவல் போனதும், பயிற்சி பெற்ற ஒருவர் தேவையான பொருட்களோடு அங்கே வந்து சேர வேண்டும். இந்த இரண்டையும் ஒவ்வொரு அனுமதி ஆணையிலும் நிபந்தனையாக எழுதுங்கள்.

எதற்கு இவ்வளவு அவசரம் என்றால், கல்லமேட்டின் கதையே போதும். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு டைனோசருக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளோடு சேர்க்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. தீர்த்துவைக்க எலும்பு இல்லை. மண் ஈரம் உண்டு இளகிப்போன அந்த எலும்புகள், எடுத்துக் கட்டிய மாவுக்கட்டுக்குள்ளேயே சிதையத் தொடங்கிவிட்டன. மாதிரி முழுவதும் அழிந்துபோனதை 2017-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை உறுதிசெய்தது. மிஞ்சியவை சில வரைபடங்களும் பழைய புகைப்படங்களும்தான்.

இதற்கு யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. இந்த மண்ணின் குணம் அப்படி. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் எலும்பில் விரிசல் ஓடும். காரையில் ஜிப்சம் என்ற கனிமமும் உண்டு. எலும்பின் நுண்துளைகளில் அது படிகமாக வளரும்போது எலும்பை உள்ளிருந்தே பிளக்கிறது. மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கியது, வெளியே வந்தபின் ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்காது.

ஆகவே எலும்பு தெரிந்த முதல் மணி நேரத்தில் நடப்பதுதான் முக்கியம். முதல் விதி, இழுக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஜிபிஎஸ் புள்ளியையும் எந்த அடுக்கு என்பதையும் குறிக்க வேண்டும். இடம் தெரியாத எலும்பு பாதி எலும்பு. மேட்டுப் பக்கம் சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டு, தார்ப்பாயை எலும்பில் படாமல் கம்பு நட்டுக் கட்ட வேண்டும். தார்ப்பாய் ஒட்டிக் கிடந்தால் அடியில் வியர்த்து அதுவே ஈரமாகும்.

நொறுங்கும் இடங்களுக்கு, அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் உள்ளே இறங்காமல் மேலே தோலாக நிற்கும். ஈர எலும்பில் விட்டால் வெள்ளை பூக்கும். தச்சர்களின் வெள்ளைப் பசையை அவசரத்துக்கு ஊற்றுவோர் உண்டு. பின்னால் எடுக்கவே முடியாது, தயவுசெய்து வேண்டாம்.

பிறகுதான் மாவுக்கட்டு. எலும்பைச் சுற்றி மண்ணை இறக்கி, காளான் வடிவில் மேடை விட வேண்டும். ஈரத் திசுத்தாள் பல அடுக்கு. இதைப் போடாமல் விட்டால் பிளாஸ்டர் எலும்பில் ஒட்டி, பிரிக்கும்போது மேற்பரப்பையே உரித்துவிடும். அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துணிப் பட்டைகள், மேடையின் விளிம்புக்கு அடியிலும் மடங்கும்படி. அடியில் மடக்காவிட்டால் புரட்டும்போது எலும்பு கீழே கொட்டும். நீளமான எலும்புக்கு மரச்சட்டம் சேர்த்துக் கட்ட வேண்டும். மறுநாள்தான் புரட்டலாம். 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரக் கட்டு 400 கிலோவைத் தாண்டும். இதற்குத்தான் 48 மணி நேரம் கேட்கிறோம், ஓய்வெடுக்க அல்ல.

எல்லாமே இவ்வளவு பெரிதாக இருக்காது. காரைப் பகுதியின் கடல் ஊர்வனவான இக்தியோசார்களை 1879-இல் லிடெக்கர் என்ற ஆய்வாளர் பெயரிட்டு விவரித்ததே முள்ளெலும்புகளை வைத்துத்தான். இருபுறமும் குழிந்த வட்டுகள் அவை. குறுக்கே வெட்டினால் உடுக்கை போலிருக்கும். பார்த்துப் பழகாத கண்ணுக்கு உருண்டைக் கல், லாரியில் ஏறிவிடும். கல்லமேட்டில் 2013-இல் அறிவிக்கப்பட்ட ட்ரூடோன்டிட் டைனோசரின் ஆதாரம் ஒரே ஒரு பல். அதே ஊரின் பெயரைத் தாங்கிய ஆமை, கூர்மாதெமிஸ் கல்லமேடென்சிஸ், 2001 முதல் அறிவியல் நூல்களில் இருக்கிறது. இத்தகைய சிறு பற்களும் எலும்புகளும் தப்பிப்போகாமலிருக்க, அள்ளிப்போகும் மண்ணில் சில மூட்டைகளை இடம் எழுதி ஒதுக்கிவைத்தால் போதும், காயவைத்து ஊறப்போட்டு அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசிக்கொள்ளலாம்.

2020 அக்டோபரில் குன்னம் அருகே உருண்டைக் கற்கள் கிடைத்தபோது ‘டைனோசர் முட்டை’ என்று செய்தி பறந்தது தங்களுக்கு நினைவிருக்கும். அவை கனிமம் திரண்ட உருண்டைகள் என்று புவியியலாளர்கள் சொல்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. முட்டை இல்லாத இடத்துக்கு அத்தனை பேர் வந்தார்கள். எலும்பு இருக்கும் இடத்துக்கு ஒருவர் வந்தால் போதும் என்கிறோம். சிமெண்டில் டைனோசர் சிலை வைக்க எந்த ஊரிலும் நிதி கிடைத்துவிடுகிறது; அசல் எலும்பைக் கட்ட ஒரு மூட்டை பிளாஸ்டருக்குத்தான் கணக்குத் தலைப்பு கிடைப்பதில்லை. புதைபடிவங்கள் கிடைக்கும் இடங்கள் போன்ற புவிமரபுத் தலங்களைக் காக்க 2022-இல் ஒன்றிய அரசு வரைவு மசோதா வெளியிட்டது. வரைவை விரித்து மழைக்குக் கூரை போட முடியாதே.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறோம். சுரங்கம் வேண்டாம், தூர்வாரல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தோண்டுவதால்தான் எலும்பு வெளியே தெரிகிறது என்பதும் உண்மை. அது தெரிந்த இடத்தில் 5 மீட்டர், 48 மணி நேரம். ஆழமும் கனமீட்டரும் எழுதும் அதே ஆணையில் இரண்டு வரி கூடுதலாக வரட்டும். வேலை நடக்கும் இடத்தில், இயந்திரம் ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒரு தொலைபேசி எண்ணும், எலும்பின் குறுக்குவெட்டும் முள்ளெலும்பு வட்டும் அச்சிட்ட ஒரு படமும் ஒட்டுங்கள். எலும்பைக் கண்டு சொன்ன தொழிலாளிக்கு நின்ற நேரத்தின் கூலி குறையக் கூடாது. குறைந்தால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன் இந்த ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புதைபடிவக் களப்பணியாளர்கள்